கொழும்பில் கம்பனிக் கணக்கு: நாள்வாரிக் குறிப்புகள்

ஞாயிறு, வெள்ளவத்தை

விமானம் ஏறும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. கொழும்பில் தொழில் தொடங்க வரும் வெளிநாட்டவர் இரண்டு வங்கிக் கணக்குகள் திறக்க வேண்டும். ஒன்று, முதலீட்டாளரின் சொந்தப் பெயரில் உள்முக முதலீட்டுக் கணக்கு. மற்றது, கம்பனியின் பெயரில் நடைமுறைக் கணக்கு, அதாவது காசோலையோடு அன்றாடச் செலவுக்குப் பயன்படும் கணக்கு. வெளிநாட்டிலிருந்து வரும் மூலதனம் முதலாவதில் விழுந்து, அங்கிருந்துதான் இரண்டாவதற்குப் போக வேண்டும். இந்த ஒழுங்கைத் தவறவிட்டால் உடனே ஒன்றும் ஆகாது. கம்பனி நடக்கும், சம்பளம் போகும், வாடகை கட்டலாம். இலாபத்தை ஊருக்கு அனுப்ப நினைக்கும் நாளில்தான் வங்கி கேட்கும்: இந்த மூலதனம் எந்த வழியால் உள்ளே வந்தது? அதற்குக் கடதாசி இல்லையென்றால் பணம் இங்கேயே நிற்கும். இந்தக் குறிப்புகள் முழுக்க இந்த ஒரு விடயத்தைப் பற்றியவைதான்.

பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும்? கடவுச்சீட்டின் மூலப்பிரதி. வெளிநாட்டு முகவரிக்குச் சான்றாக, மூன்று மாதத்துக்கு உட்பட்ட மின்சாரப் பட்டியல் அல்லது வங்கி அறிக்கை. கடைசி ஆறு மாதத்து வங்கி அறிக்கை, வருமான வரித் தாக்கல், உங்கள் நாட்டு வரி இலக்கம். முதலீடு செய்வது உங்கள் ஊர்க் கம்பனி என்றால் அதன் பதிவுச் சான்றிதழ், அமைப்பு விதிகள், பணிப்பாளர் பட்டியல், கொழும்பில் முதலிட அனுமதிக்கும் பணிப்பாளர் சபைத் தீர்மானம், பங்குகள் யார் கையில் என்று காட்டும் வரைபடம் எல்லாம் வேண்டும். உங்கள் ஊர் நோட்டரி குத்திய முத்திரையோடு மட்டும் வரும் பிரதிகளை வங்கிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. இந்தியாவிலிருந்து வருபவர்கள் வெளியுறவு அமைச்சின் சான்றுறுதியும், சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தின் சான்றுறுதியும் வாங்கி வருவது நல்லது. தனிநபராக முதலிடுபவருக்கு இதைவிட இலகுவான வழி இருக்கிறது. மூலப்பிரதிகளைக் கையோடு கொண்டுவந்து வங்கி அதிகாரியிடம் காட்டினால், அவரே பார்த்து உறுதிசெய்து பிரதியில் கையெழுத்திடுவார்.

தமிழருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, அது பெயர். கடவுச்சீட்டில் ‘செல்வராஜ் முருகேசன்’ என்றிருக்கும். மதுரையிலுள்ள வங்கிக் கணக்கில் ‘எம். செல்வராஜ்’ என்றிருக்கும். சிலருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான கட்டமே வெறுமையாக இருக்கும். பணம் அனுப்பும்போது வங்கிகளுக்கிடையே போகும் சுவிஃப்ட் செய்தியில் இருப்பது அனுப்பும் வங்கியில் உள்ள பெயர். கொழும்பு வங்கி அதைக் கணக்கிலுள்ள பெயரோடு ஒப்பிடும். ஒத்துப்போகாவிட்டால் பணம் கணக்கில் விழாமல் நிற்கும், அல்லது திரும்பிப் போகும். புறப்படும் முன்பே ஊர் வங்கிக் கணக்கின் பெயரைக் கடவுச்சீட்டின்படி மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு நேரமில்லையென்றால் இரண்டு பெயரும் ஒருவரே என்று வங்கியிடமிருந்து கடிதம் வாங்குங்கள். கையெழுத்தும் அப்படித்தான்: கடவுச்சீட்டில் தமிழில் இட்டிருந்தால் இங்கும் தமிழிலேயே இடுங்கள்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் விற்கும் சுற்றுலா சிம் கார்டை வங்கிக்குக் கொடுக்க வேண்டாம். பொதியின் காலம் முடிந்தால் இலக்கமும் போய்விடும், வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் வந்து சேராது. டயலொக், மொபிட்டல், ஹட்ச் ஏதாவதொன்றின் நகரக் கிளைக்குக் கடவுச்சீட்டோடு போய் வழமையான இணைப்பு ஒன்றை எடுங்கள்.

திங்கள், டி. ஆர். விஜேவர்தன மாவத்தை

கம்பனிப் பதிவாளர் திணைக்களம் கொழும்பு 10இல், 400ஆம் இலக்கத்தில், சமாகம் மெதுர என்ற கட்டடத்தில் இருக்கிறது. மருதானைப் பக்கமிருந்து வந்தாலும் கோட்டையிலிருந்து வந்தாலும் ஓட்டோவில் சில நிமிடத் தூரம்தான். இப்போது பெயர் ஒதுக்குவது முதல் கூட்டிணைப்பு, அதாவது கம்பனியைச் சட்டப்படி பதிவது, வரை எல்லாம் இணையத்தில் நடப்பதால் நேரில் வருவது குறைவு. ஆனாலும் வங்கிக்குத் தேவையான கடதாசிகள் பிறக்கும் இடம் இதுதான்.

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி தனியார் கம்பனிக்கு ஒரு பணிப்பாளரும் ஒரு பங்குதாரரும் போதும். உள்ளூர்ப் பணிப்பாளர் கட்டாயமில்லை, குறைந்தபட்ச மூலதனமும் இல்லை. ஆனால் கம்பனிச் செயலாளர் கட்டாயம். அவர் இங்குள்ள, பதிவு பெற்ற ஒருவராக இருக்க வேண்டும். படிவம் 1 கூட்டிணைப்பு விண்ணப்பம், படிவம் 18 பணிப்பாளரின் சம்மதம், படிவம் 19 செயலாளரின் சம்மதம். இவற்றோடு அமைப்பு விதிகள். கூட்டிணைத்த பின் பணிப்பாளர் மாறியிருந்தால் படிவம் 20, முகவரி மாறியிருந்தால் படிவம் 13. வங்கி கேட்பது இவை அனைத்தின் உறுதிப்படுத்திய பிரதிகள். இரண்டு தொகுதி எடுத்து வையுங்கள். உள்முக முதலீட்டுக் கணக்கும் நடைமுறைக் கணக்கும் வேறு வேறு மேசைகளில் திறக்கப்படும், ஒரு மேசை மற்ற மேசையின் கோப்பைப் பார்ப்பதில்லை.

தொடங்கும்போது மூலதனத்தைச் சிறிதாகப் போடுவதே நல்லது. கூட்டிணைக்கும் நாளில் கம்பனிக்குக் கணக்கே கிடையாது. அந்த நேரத்தில் ஒரு கோடி ரூபாய்ப் பங்கு வெளியிட்டதாக எழுதிவிட்டால், பணம் வராத பங்கு ஒன்று பதிவில் நிற்கும். பெயரளவுக்குச் சில பங்குகளோடு தொடங்கி, பணம் முறைப்படி வந்த பின் மிகுதியை வெளியிடலாம்.

தொழிலின் தன்மை என்ற இடத்தில் ‘சட்டத்துக்கு உட்பட்ட எந்தத் தொழிலும்’ என்று எழுதிக் கொடுக்கும் பழக்கம் இங்கு பரவலாக உண்டு. பதிவாளருக்கு அது போதும், வங்கிக்குப் போதாது. வெளிநாட்டவருக்குத் திறக்காத துறைகளும் பகுதியாக மட்டும் திறந்திருக்கும் துறைகளும் இருப்பதால், உங்கள் தொழில் எதற்குள் வருகிறது என்பதை வங்கி பார்த்தே ஆகவேண்டும். சில்லறை வியாபாரத்துக்கு வெளிநாட்டு மூலதனம் குறைந்தது 50 இலட்சம் அமெரிக்க டொலர் வேண்டும். திருப்பூரிலிருந்து துணி கொண்டுவந்து புறக்கோட்டையில் சில்லறைக் கடை போடலாம் என்று நினைத்து வருபவர்களின் திட்டம் இங்கேதான் முட்டும். பிரயாண முகவர் நிலையம், தேயிலை, இறப்பர், தென்னைச் செய்கை போன்றவற்றில் வெளிநாட்டவர் பங்கு 40 வீதத்தைத் தாண்டுவதற்கு முதலீட்டுச் சபையின் அனுமதி தேவை. ஏற்றுமதி உற்பத்தி, மென்பொருள், பெரும்பாலான சேவைத் துறைகள் முழுமையாகத் திறந்திருக்கின்றன. ஆகவே ‘மென்பொருள் உருவாக்கமும் ஏற்றுமதியும்’ என்பதுபோல ஒரே வரியில் தெளிவாக எழுதுங்கள்.

புதுக் கம்பனிக்குப் பதிலாக ஊர்க் கம்பனியின் கிளையைப் பதியலாமா என்று கேட்பவர்கள் பலர். வியாபாரம் செய்யும் கிளைக்கு 2 இலட்சம் அமெரிக்க டொலர் உள்ளே வர வேண்டும். சிறு, நடுத்தர முதலீட்டாளருக்குத் தனியார் கம்பனியே பொருத்தம்.

செவ்வாய், கோட்டை

யோர்க் வீதியிலிருந்து மணிக்கூட்டுக் கோபுரம் வரை நடந்தால் இலங்கையின் வங்கித் தொழில் முழுவதும் ஒரு சுற்றில் வந்துவிடும். இலங்கை வங்கியின் உயர்ந்த கட்டடமும் அருகே உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களும் நிற்கின்றன. முதலீட்டுச் சபை இருப்பது மேற்குக் கோபுரத்தில். சேர் ராசிக் பரீத் மாவத்தையில் கொமர்ஷல் வங்கி, சேர் பாரன் ஜயதிலக மாவத்தையில் பாரத ஸ்டேட் வங்கி. இந்தியன் வங்கிக்கும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கும் கூட கொழும்பில் கிளைகள் உள்ளன. ஊரில் அதே வங்கியில் கணக்கு இருக்கிறதே என்ற தெம்போடு போக வேண்டாம். இங்கே எல்லா ஆவணமும் முதலிலிருந்து கேட்பார்கள். இங்குள்ள எச்.டி.எஃப்.சி. வங்கி இலங்கையின் வீடமைப்புக் கடன் வங்கி, இந்திய வங்கியோடு அதற்குத் தொடர்பில்லை.

எந்த வங்கி நல்லது என்பதைவிட எந்தக் கிளை என்பதே முக்கியம். தங்குமிடத்துக்குப் பக்கம் என்று வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள கிளைக்குப் போனால் அன்பாகத் தமிழில் பேசுவார்கள். ஆனால் உள்முக முதலீட்டுக் கணக்கை வருடத்தில் ஓரிரண்டு தடவை மட்டுமே திறக்கும் கிளை, ஒவ்வொரு கேள்வியையும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கும். கோட்டை, கொள்ளுப்பிட்டி, யூனியன் பிளேஸ் பகுதிகளிலுள்ள பிரதான கிளைகளிலும் நிறுவனப் பிரிவுகளிலும் இதையே தினமும் செய்யும் அதிகாரிகள் இருப்பார்கள். வாசலிலேயே கேளுங்கள்: வெளிநாட்டு முதலீட்டாளருக்கு உள்முக முதலீட்டுக் கணக்குத் திறப்பது யார்? பெயர் சொல்லி ஒருவரைக் காட்டினால் அது சரியான கிளை.

இந்தக் கணக்கின் சட்ட அடித்தளம் 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம். அதற்காக நீங்கள் மத்திய வங்கிப் படி ஏற வேண்டியதில்லை. அதிகாரமளிக்கப்பட்ட வணிக வங்கியே விதிகளைப் பார்த்து அனுமதிக்கும். கணக்கை டொலர் போன்ற வெளிநாட்டு நாணயத்திலும் வைத்திருக்கலாம், ரூபாயிலும் வைத்திருக்கலாம். டொலரில் திறப்பதே என் சிபாரிசு. தேவையான நாளில் தேவையான அளவு மாற்றிக்கொள்ளலாம், திட்டம் கைவிடப்பட்டால் மாற்று இழப்பில்லாமல் திருப்பியும் அனுப்பலாம்.

மேசையில் அதிக நேரம் எடுக்கும் கேள்வி பணத்தின் மூலம் பற்றியது. அது ஏறக்குறைய இப்படிப் போகும்:

“சேர், இந்தக் காசு எங்க இருந்து வருது? சம்பளமா, வியாபாரமா, காணி வித்ததா?”

“காணி வித்தது, மிஸ்.”

“அப்ப உறுதியின்ர கொப்பி ஒண்டு வேணும். காசு உங்கட கணக்கில விழுந்த ஸ்டேட்மென்ற்றும் வேணும். ரெண்டிலயும் தொகை ஒத்துப்போக வேணும்.”

கடைசி வரிதான் முக்கியம். உறுதியில், அதாவது காணி விற்ற பத்திரத்தில், 40 இலட்சம், கணக்கில் விழுந்தது 65 இலட்சம் என்றால், மிகுதி 25 இலட்சத்துக்கு என்ன சொன்னாலும் அதிகாரியால் எழுத முடியாது. அந்தத் தொகையை முதலீட்டில் காட்டாமல் விடுவதுதான் வழி. வியாபார வருமானம் என்றால் கணக்காய்வு செய்த கணக்குகளும் வரித் தாக்கலும் வேண்டும். சேமிப்பு என்று ஒரே சொல்லில் முடித்தால் ஏற்கமாட்டார்கள், எத்தனை வருடச் சம்பளத்தில் சேர்ந்தது என்று காட்ட வேண்டும்.

அடுத்தது, உண்மையான உரிமையாளர் யார் என்ற கேள்வி. 10 வீதம் அல்லது அதற்கு மேல் பங்கு உடைய ஒவ்வொரு மனிதரையும் வங்கி அடையாளம் காண வேண்டும். ஈரோட்டில் கூட்டாண்மை, அதன் கீழ் சிங்கப்பூர்க் கம்பனி, அதன் கீழ் கொழும்புக் கம்பனி என்ற அமைப்பானால் வரைபடம் ஈரோட்டிலுள்ள மனிதர்கள் வரை போக வேண்டும். அவர்கள் ஒவ்வொருவரின் கடவுச்சீட்டுப் பிரதியும் முகவரிச் சான்றும் வேண்டும். அமெரிக்கக் குடியுரிமையோ பச்சை அட்டையோ உள்ளவர் யாராவது இருந்தால் அந்நாட்டு வரிப் படிவமும் சேரும்.

10 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட காசுக் கொடுக்கல் வாங்கல்களும் மின்வழிப் பரிமாற்றங்களும் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு வழமையாகவே அறிவிக்கப்படும். அதில் பயப்பட ஒன்றுமில்லை. பயந்து தொகையைத் துண்டு துண்டாக அனுப்பினால்தான் சந்தேகம் கிளம்பும்.

இந்தியாவில் வசிப்பவர்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு. அங்கிருந்து பணம் புறப்படும் முன் 2022ஆம் ஆண்டின் வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி உங்கள் வங்கி வழியாக எஃப்.சி. படிவம் கொடுத்து, ரிசர்வ் வங்கியின் தனித்த அடையாள இலக்கம் பெற வேண்டும். தனிநபருக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டொலர் உச்சவரம்பு. ஆண்டில் 10 இலட்சம் இந்திய ரூபாயைத் தாண்டும் தொகைக்கு 20 வீதம் வரி முன்கூட்டிப் பிடிப்பார்கள், பின்னர் வரித் தாக்கலில் ஈடு செய்யலாம். அவசரத்துக்கு ‘குடும்பச் செலவு’ என்று குறித்து அனுப்பினால் இரண்டு நாட்டிலும் அது முதலீடாகக் கணக்கில் வராது. பங்குச் சான்றிதழை ஆறு மாதத்துக்குள் அங்குள்ள வங்கிக்குக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31க்குள் ஆண்டறிக்கையும் கொடுக்க வேண்டும்.

புதன், போயா

பௌர்ணமி. வங்கி, திணைக்களம், தபாலகம் எதுவும் திறக்காது. பயணத் திகதி குறிக்கும்போது போயா நாட்களையும் ஏப்ரல் புத்தாண்டு வாரத்தையும் நாட்காட்டியில் பார்த்துவிடுங்கள். மற்ற நாட்களில் வங்கிகள் பொதுவாகக் காலை 9 முதல் பிற்பகல் 3 வரை. கணக்குத் திறக்கும் வேலைக்கு 2 மணிக்குப் பின் போய்ப் பயனில்லை.

நேரம் இருப்பதால் செட்டியார் தெரு. இன்று நகைக்கடைகளும் கதிரேசன் கோயில்களும் நிறைந்த இந்தத் தெருவில்தான் ஒரு காலத்தில் கொழும்பின் கடன் சந்தை இருந்தது. கோட்டையிலிருந்த பிரித்தானிய வங்கிகளுக்குப் புறக்கோட்டை வியாபாரியைத் தெரியாது. ஆகவே நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்குக் கடன் கொடுத்தன, செட்டியார்கள் வியாபாரிகளுக்குக் கொடுத்தார்கள். எவரை நம்பலாம் என்று வங்கிக்குச் சொல்வது சிறாப்பர் எனப்பட்ட வங்கித் தரகரின் பொறுப்பு. 1920களில் வங்கிகள் செட்டியார்களுக்கான கடனைச் சுருக்க, உள்ளூர் வியாபாரம் திணறியது. 1934இல் சொராப்ஜி பொச்கானாவாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு அமைந்தது. அதன் தொடர்ச்சியாக 1939இல் இலங்கை வங்கி திறந்தது. நடைமுறைக் கணக்குக்கு அறிமுகம் செய்ய ஒருவர் வேண்டும் என்று சில கிளைகள் இன்றும் கேட்பதைப் பார்க்கும்போது அந்தக் காலத்து வழக்கம் நினைவுக்கு வருகிறது. உங்கள் கம்பனிச் செயலாளரோ கணக்காய்வாளரோ அந்த வங்கியில் கணக்கு வைத்திருந்தால் அறிமுகத்துக்கு அதுவே போதும்.

வியாழன், கொம்பனித் தெருவும் புதுக்கடையும்

உண்ணாட்டரசு இறைவரித் திணைக்களம் இருப்பது சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில். சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய தமிழரின் பெயர் அது. நடைமுறைக் கணக்குத் திறக்க வரி அடையாள இலக்கம் கேட்கப்படுகிறது. கம்பனியின் பெயரில் அதை எடுங்கள். விண்ணப்பத்தை இணையத்திலேயே கொடுக்கலாம். பதிவு முகவரி படிவம் 1இல் உள்ளபடியே இருக்கட்டும். ‘காலி வீதி, கொழும்பு 06’ ஓரிடத்திலும் ‘காலி வீதி, வெள்ளவத்தை’ இன்னோரிடத்திலும் இருந்தால் வங்கியில் கேள்வி வரும்.

பிற்பகல் புதுக்கடை. நீதிமன்றங்களைச் சுற்றி நொத்தாரிசுமாரும் (நோட்டரிகள்) தட்டச்சுக் கடைகளும் முத்திரை வெட்டுபவர்களும் இருக்கிறார்கள். இங்கே இரண்டு வேலை.

முதலாவது குத்தகை. வெளிநாட்டவர் பங்கு 50 வீதம் அல்லது அதற்கு மேற்பட்ட கம்பனி 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி காணி வாங்க முடியாது, குத்தகைக்கு எடுக்கலாம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். வீட்டுக்காரரும் நீங்களும் வெள்ளைத்தாளில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை வங்கிக்கு முகவரிச் சான்றாகக் கொடுத்தால் நிற்காது. வங்கி அதிகாரி நேரில் வந்து அலுவலகத்தைப் பார்ப்பதும் உண்டு. வாசலில் கம்பனியின் பெயர்ப்பலகை இருக்கட்டும்.

இரண்டாவது ரப்பர் முத்திரை. கம்பனியின் பெயர், கீழே ஒரு கோடு, அதன் கீழ் ‘பணிப்பாளர்’. இவ்வளவுதான். ஆனால் கூட்டிணைப்புச் சான்றிதழில் பெயர் ‘பிரைவேட் லிமிட்டட்’ என்று முழுமையாக இருக்க, முத்திரையில் ‘பிரைவேட்’ என்பதைச் சுருக்கி வெட்டிவிடுவார்கள். அந்த முத்திரையோடு நிரப்பிய பக்கமெல்லாம் திரும்ப நிரப்ப வேண்டி வரும். சான்றிதழின் பிரதியைக் கடைக்காரரிடம் கொடுத்து, அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து வெட்டச் சொல்லுங்கள். வெள்ளைத்தாளில் ஒருமுறை குத்திப் பார்த்து, சான்றிதழின் பக்கத்தில் வைத்து வாசித்த பிறகு காசு கொடுங்கள்.

வெள்ளி, கோட்டை

நடைமுறைக் கணக்கு. கம்பனியின் ஆவணங்கள், வரி அடையாள இலக்கம், முகவரிச் சான்று, பணிப்பாளர்களின் கடவுச்சீட்டும் வீசாப் பக்கமும், சபைத் தீர்மானம். தீர்மானத்தை நீங்களாக எழுதிக்கொண்டு போகாதீர்கள். ஒவ்வொரு வங்கிக்கும் தனக்கென ஒரு வாசகம் இருக்கிறது, அதையே செயலாளரின் கடிதத்தாளில் அடித்து வாங்குங்கள்.

அந்தத் தீர்மானத்தில் சிந்திக்க வேண்டியது ஒரு வரிதான்: யார், எப்படிக் கையெழுத்திடுவது. ஒரே பணிப்பாளர், அவரும் வெளிநாட்டில் என்றால் காசோலை ஒவ்வொன்றுக்கும் அவர் வர வேண்டும். முன்கூட்டியே கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகளை அலுவலகத்தில் விட்டுப்போகும் பழக்கத்தை இங்கு நிறையக் காணலாம். அது பெரிய ஆபத்து. அதற்குப் பதிலாக இங்குள்ள நம்பிக்கையான ஒருவருக்கு, உதாரணமாக மாதச் செலவுக்கு உட்பட்ட ஒரு தொகை வரை தனிக் கையெழுத்தும், அதற்கு மேல் பணிப்பாளரோடு கூட்டுக் கையெழுத்தும் என்று எழுதலாம். கையெழுத்திடுபவர் பணிப்பாளராக இருக்கத் தேவையில்லை. வங்கியும் நாட்டில் இருக்கும் ஒருவரைத்தான் விரும்பும்.

கையெழுத்து அட்டையில் நிதானமாக இடுங்கள். காலை முழுதும் பக்கம் பக்கமாகக் கையெழுத்திட்ட கை, கடைசியில் அட்டைக்கு வரும்போது சுருக்கமாகக் கிறுக்கும். பின்னால் ஒவ்வொரு காசோலையும் அந்தக் கிறுக்கலோடுதான் ஒப்பிடப்படும். ஆகவே அட்டையை முதலில் கேட்டு வாங்கிக் கையெழுத்திடுங்கள்.

கணக்கு இலக்கம் இன்றே கையில் கிடைக்கும் என்று திட்டம் போட வேண்டாம். கோப்பு, விதிகளின்படி இருக்கிறதா என்று பார்க்கும் இணக்கப் பிரிவுக்குப் போய்வர வேண்டும். இன்று கிளம்பும் முன் கோப்பில் குறையொன்றும் இல்லை என்பதை அதிகாரியிடம் பட்டியல் பார்த்து உறுதிசெய்துகொண்டால், மிகுதிக்கு நீங்கள் நேரில் இருக்கத் தேவையில்லை.

அடுத்த செவ்வாய், கோட்டை

உள்முக முதலீட்டுக் கணக்கு திறந்துவிட்டால் பணம் அனுப்பலாம். இலங்கையில் ஐபான் என்ற சர்வதேசக் கணக்கு இலக்கம் இல்லை. ஐரோப்பாவிலிருந்து அனுப்புபவர்கள் அந்தக் கட்டத்தைத் தேடித் தடுமாறுவதுண்டு. கணக்கு இலக்கமும் வங்கியின் சுவிஃப்ட் குறியீடும் கிளையின் பெயரும் போதும். பெறுபவர் பெயர் முதலீட்டாளரின் பெயர், கம்பனியின் பெயர் அல்ல. நோக்கம் என்ற இடத்தில் ‘இன்ன கம்பனியின் பங்குகளில் முதலீடு, உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாக’ என்று முழுமையாக எழுதச் சொல்லுங்கள்.

இங்கேதான் கணக்கு இடிக்கும். 50,000 டொலர் அனுப்புகிறீர்கள். இடையிலுள்ள வங்கி 30 டொலர் கழித்தால் வந்து சேர்வது 49,970. கணக்குக்காக டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 1,49,91,000 ரூபாய். ஆனால் 50,000 டொலரைப் பெருக்கி, 10 ரூபாய் வீதம் 15,00,000 பங்குகள் வெளியிடுவதாகத் தீர்மானம் எழுதி, பங்கு வெளியீட்டை அறிவிக்கும் படிவம் 6உம் பதிவாளருக்குப் போய்விட்டது என்றால், 9,000 ரூபாய் குறைகிறது. வங்கியின் உறுதிக் கடிதமும் பதிவாளரிடம் உள்ள படிவமும் ஒத்துப்போகாது. பணம் வந்து, ரூபாயாக மாறி, கம்பனிக் கணக்கில் விழுந்த பிறகு, விழுந்த தொகைக்கே தீர்மானம் எழுதுங்கள். மேலே சொன்ன கணக்கில் 14,99,100 பங்குகள். வெளியிட்டு 20 வேலை நாட்களுக்குள் படிவம் 6 பதிவாளருக்குப் போக வேண்டும்.

கணக்குத் திறக்கும் முன் பதிவுக் கட்டணம், குத்தகை முற்பணம் என்று கையிலிருந்து கட்டிய பணம் பங்கு மூலதனமாகக் கணக்கில் சேராது. அது உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாக வரவில்லை. செலவுச் சீட்டுகளை வைத்திருந்து கணக்காளரிடம் கொடுங்கள். அப்படியே, பங்குக்குப் பதிலாகக் கம்பனிக்குக் கடனாகப் பணம் அனுப்பும் யோசனை இருந்தால், வெளிநாட்டுக் கடனுக்கு வேறு விதிகள் உண்டு, அனுப்பும் முன் வங்கியிடம் கேளுங்கள்.

இன்று ஒரு கோப்பு தொடங்க வேண்டும். சுவிஃப்ட் செய்தியின் பிரதி, டொலர் ரூபாயாக மாறிய சீட்டு, கம்பனிக் கணக்கில் விழுந்ததற்கான வங்கியின் உறுதிக் கடிதம், பதிவாளர் ஏற்ற படிவம் 6, பங்குச் சான்றிதழ். பங்குச் சான்றிதழின் பிரதி வங்கிக்கும் போக வேண்டும். எத்தனை வருடம் கழித்து இலாபப் பங்கு அனுப்பினாலும், பங்கை விற்று வெளியேறினாலும், வங்கி கேட்கப்போவது இந்தக் கோப்பைத்தான். அதிகாரிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

வியாழன், கொள்ளுப்பிட்டி

இணைய வங்கிச் சேவையில் கம்பனிக்கு இரண்டு பாத்திரங்கள் உண்டு: கொடுப்பனவை உள்ளிடுபவர், அதை அங்கீகரிப்பவர். உள்ளிடுவது கொழும்பு அலுவலகமும் அங்கீகரிப்பது வெளிநாட்டிலுள்ள பணிப்பாளருமாக வைத்தால், தூரத்திலிருந்தே பணத்தைக் கட்டுப்படுத்தலாம். காசோலையை நம்பியிருப்பதைவிட இது எவ்வளவோ மேல். லங்காபே என்ற வங்கிகளுக்கிடையிலான வலையமைப்பு வழியான உடனடிப் பரிமாற்றத்தில் ஒரு தடவைக்கு 50 இலட்சம் ரூபாய் வரை அனுப்பலாம், அதற்கு மேல் ஆர்.டி.ஜி.எஸ். என்ற பெருந்தொகைப் பரிமாற்ற முறை. கணக்கு இலக்கத்தோடு வங்கிக் குறியீட்டையும் கேட்பார்கள்: இலங்கை வங்கிக்கு 7010, கொமர்ஷலுக்கு 7056, ஹட்டன் நஷனலுக்கு 7083, சம்பத்துக்கு 7278.

சேவையோ பொருளோ ஏற்றுமதி செய்யும் கம்பனி என்றால் மூன்றாவதாக ஒரு கணக்கும் வேண்டும்: வியாபார வெளிநாட்டு நாணயக் கணக்கு. வெளிநாட்டு வாடிக்கையாளர் கட்டும் டொலர் இதில் விழும். ரூபாயைக் கொடுத்து டொலர் வாங்கி இதில் போட முடியாது. முதலீட்டாளரின் மூலதனத்தையும் இதற்குள் நேராக அனுப்பக்கூடாது. இரண்டும் டொலர்தானே என்று கலந்துவிட்டால், மூலதனம் ஏற்றுமதி வருமானமாகப் பதிவாகிவிடும். பின்னர் அதைத் திருத்தப் பெரும் கடிதப் போக்குவரத்து வேண்டியிருக்கும்.

இலாபப் பங்கு அனுப்பும் நாள் வரும்போது பணிப்பாளர் சபைத் தீர்மானம், கணக்காய்வு செய்த கணக்குகள், கடன் தீர்க்கும் ஆற்றல் பற்றிய கணக்காய்வாளர் சான்றிதழ் வேண்டும். பொதுவாக 15 வீத வரி பிடித்து இறைவரிக்குக் கட்டியபின் மிகுதி உள்முக முதலீட்டுக் கணக்குக்கு வந்து, அங்கிருந்து உங்கள் ஊருக்குப் போகும்.

கடைசியாக, பலர் கவனிக்காத ஒன்று. பணிப்பாளர் ஒருவர் விலகினால் படிவம் 20 பதிவாளருக்குப் போகும். வங்கிக்கு அது தானாகப் போகாது. நீங்கள் எழுத்தில் அறிவிக்கும்வரை விலகியவரின் கையெழுத்தோடு வரும் காசோலைக்கு வங்கி பணம் கொடுக்கும். புதிய தீர்மானத்தையும் புதிய கையெழுத்து அட்டையையும் அதே நாளில் கிளையில் கொடுங்கள். பெறுகை முத்திரை விழுந்த பிரதி ஒன்றைச் செயலாளரிடம் வைத்திருக்கச் சொல்லுங்கள்.